ஆள் எடுத்துச் சேர்த்த குழு, தானே வாசித்த இசைத்தட்டு: மங்கீஸின் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’

‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ ஆல்பத்தின் பின்னட்டையில் மங்கீஸ் என்ற அமெரிக்க பாப் குழுவினர் பெயரில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. இதில் வாசித்திருப்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல, ஆனால் இடையிடையே வந்துபோன பேஸ் கலைஞரும் ஹார்ன் கலைஞரும் எங்கள் சொற்படியே வாசித்தார்கள், ஆகவே இது முழுக்க எங்களுடையது என்பது அதன் சாரம். தன் பெயரில் வரும் இசைத்தட்டு தன்னுடையதுதான் என்று அட்டையிலேயே அச்சிட்டுச் சொல்ல வேண்டிய நிலை ஓர் இசைக்குழுவுக்கு எப்படி வந்தது என்பதை அறியாமல் கேட்டால், இந்த ஆல்பம் 1967ஆம் ஆண்டின் நல்ல பாப் தட்டுகளில் ஒன்றாக மட்டுமே தோன்றும். அறிந்து கேட்டால், இந்தக் குழு அசலா, அல்லது வியாபாரிகள் செய்து விற்ற சரக்கா என்று ராக் ரசிகர்கள் அன்றிலிருந்து கேட்டுவரும் கேள்விக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் இதுதான் என்பது புரியும்.

என்னிடம் இருப்பது ரைனோ நிறுவனம் 2007இல் வெளியிட்ட இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பு. ஒரு தகட்டில் ஸ்டீரியோ வடிவமும் மற்றதில் மோனோ வடிவமும் இருக்கின்றன. இரண்டின் பின்பகுதியிலும் அதே காலத்தில் பதிவாகி ஆல்பத்தில் இடம்பெறாமல் போனவை சேர்க்கப்பட்டுள்ளன. பதிப்பின் நிறைகுறைகளுக்குப் பிறகு வருகிறேன்.

மங்கீஸ் கூட்டிச்சேர்க்கப்பட்ட குழுதான் என்பதில் ஐயமே இல்லை. பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரு தயாரிப்பாளர்கள், ஓர் இசைக்குழுவின் கூத்தடிப்புகளைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிட்டு, 1965 செப்டம்பரில் ஹாலிவுட் திரைத்துறை இதழ்களில் விளம்பரம் கொடுத்தார்கள். 17 முதல் 21 வயதுவரை உள்ள நான்கு பையன்கள் தேவை என்றது அந்த விளம்பரம். 437 பேர் முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வந்து தேர்வானவர் டெக்சஸ்காரரான மைக்கேல் நெஸ்மித் ஒருவர் மட்டுமே. மான்செஸ்டரில் பிறந்த டேவி ஜோன்ஸ் பிராட்வே மேடையில் நடித்துப் பெயர் வாங்கி, தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஏற்கனவே இருந்தவர். மிக்கி டோலன்ஸ் சிறு வயதிலேயே தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். பீட்டர் டோர்க் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காப்பிக் கடைகளில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்தவர். தனக்குக் கிடைக்காத வாய்ப்பை அவருக்குச் சொல்லி அனுப்பியவர் ஸ்டீபன் ஸ்டில்ஸ். ஒருவரையொருவர் அறிந்திராத இந்த நால்வரில், டிரம்ஸின் முன் உட்கார வைக்கப்பட்ட டோலன்ஸ் தொடருக்காகவே அதைக் கற்றுக்கொண்டார்.

பாடல்களுக்குப் பொறுப்பேற்றவர் டான் கிர்ஷ்னர். நியூயார்க்கின் மிகச் சிறந்த பாடலாசிரியர்களைத் தன் கைக்குள் வைத்திருந்த இசைப் பதிப்பாளர் அவர். நீல் டயமண்ட், கெரோல் கிங், ஜெரி காஃபின் போன்றோரிடமிருந்து பாட்டு வரும். லாஸ் ஏஞ்சலீஸிலும் நியூயார்க்கிலும் கூலிக்கு வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர்கள் அதை இசைத்துப் பதிவு செய்வார்கள். நால்வரில் ஒருவர் படப்பிடிப்பு முடிந்த களைப்போடு வந்து மைக்கின் முன் நின்று பாடிவிட்டுப் போவார். முதல் ஒற்றைப் பாடலின் பதிவுக்குத் தான் கிட்டாரோடு போய் நின்றதையும், அதற்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்துகொண்டதையும் டோர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தொடர் 1966 செப்டம்பர் 12 அன்று என்.பி.சி.யில் தொடங்கியது. முதல் ஆல்பம் 13 வாரங்களும், அதைத் தொடர்ந்து 1967 ஜனவரியில் வந்த இரண்டாவது ஆல்பம் 18 வாரங்களும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தன. அந்த இரண்டாவது ஆல்பம் வெளியாகப் போவதே குழுவினருக்குச் சொல்லப்படவில்லை. சுற்றுப்பயணத்தில் இருந்தபோது மற்றவர்களைப் போலக் கடையில்தான் அதைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் மங்கீஸ் மீதான வசை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. வாத்தியங்களைப் பிறர் வாசித்தார்கள் என்பதுதான் குற்றம் என்றால், அந்தக் குற்றத்தில் மங்கீஸ் தனியாக நிற்கவில்லை. நாட்டுப்புற ராக் என்ற வகைக்கே முன்னோடி என்று போற்றப்படும் பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பூரின் மேன்’ பாடலில் குழுவைச் சேர்ந்தவர்களில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் மட்டுமே. டிரம்ஸ் உட்பட மற்றவை அனைத்தும் லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டுடியோ கலைஞர்களின் வேலை. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தைத் தாங்கி நிற்பதும் ஹால் பிளெய்ன், கெரோல் கே போன்ற அதே கலைஞர் வட்டத்தின் கைகள்தான். பேர்ட்ஸும் பீச் பாய்ஸும் அசல், மங்கீஸ் போலி என்று தீர்ப்புச் சொன்னவர்களுக்கு இந்த விவரம் தெரியாதிருந்திருக்கலாம். தெரிந்த பிறகும் அந்தத் தீர்ப்பைத் திருத்தாமல் இருப்பது நியாயமில்லை. திரையில் வாயசைப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்பதை ஏமாற்று வேலையாக நினைக்காமல் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது இன்னும் எளிது: நம் இசைத்தட்டுகளில் பின்னணிப் பாடகரின் பெயர் அச்சாகியிருக்கும். மங்கீஸின் முதல் இரண்டு ஆல்பங்களில் வாசித்தவர்களின் பெயர்கள் இல்லை. தவறு அந்த மறைப்பில் இருந்தது. அதைச் செய்தவர்கள் இந்த நால்வர் அல்லர்.

நால்வருக்கும் வாசிக்க வராது என்பதும் உண்மை இல்லை. 1966 டிசம்பரில் ஹோனலூலுவில் தொடங்கி, மேடைகளில் அவர்களே வாசித்துப் பாடிவந்தார்கள். நெஸ்மித் எழுதிய ‘டிஃபரண்ட் டிரம்’ என்ற பாடலை 1967இல் லிண்டா ரான்ஸ்டாட் இருந்த ஸ்டோன் பொனீஸ் குழு வெற்றிப் பாடலாக்கியது. பியானோ, பாஞ்சோ, பேஸ், கிட்டார் எதை எடுத்தாலும் வாசிக்கக்கூடியவர் டோர்க். இப்படிப்பட்ட இருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேமரா முன் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று சொன்னதில்தான் தயாரிப்பாளர்களின் கணக்கு தப்பியது.

1967 ஜனவரியில் நெஸ்மித் பத்திரிகைக்காரர்களிடம் உண்மையை வெளிப்படையாகச் சொன்னார். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் கிர்ஷ்னரோடும் நிறுவனத்தின் வழக்கறிஞரோடும் நடந்த சந்திப்பில், ஒப்பந்தத்தைக் காட்டி எச்சரித்தபோது, சுவரில் குத்தி ஓட்டை போட்டுவிட்டு வெளியேறினார். பிறகு, அனுமதி இல்லாமல் ஓர் ஒற்றைப் பாடலை வெளியிட முயன்ற காரணத்துக்காகக் கிர்ஷ்னர் நீக்கப்பட்டார். டர்ட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த, அதுவரை ஓர் இசைத்தட்டும் தயாரித்திராத சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராக அழைத்துக்கொண்டு, நால்வரும் ஹாலிவுட்டில் இருந்த ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவுக்குள் போனார்கள். சில வாரங்களில் 14 தடங்கள் முடிந்தன. மே 22 அன்று ஆல்பம் வெளியாயிற்று.

கேட்பவருக்கு முதலில் தெரிவது, ஒலி சிறுத்திருப்பது. முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார்கள் அடுக்கடுக்காக நிற்கும், தாளம் கம்பி போட்டுக் கட்டியதுபோல் இருக்கும். இங்கே ஓர் அறையில் மூன்று நான்கு பேர் இருப்பது காதுக்குத் தெரிகிறது. முதல் பாடலான ‘யூ டோல்டு மீ’யில் டோர்க்கின் பாஞ்சோ கிட்டாருக்குப் பின்னால் விடாமல் கொட்டிக்கொண்டே வருகிறது, நெஸ்மித்தின் டெக்சஸ் நாட்டுப்புறக் குரலுக்கு அது சரியான துணை. நாட்டுப்புற இசையும் ராக்கும் இவ்வளவு இயல்பாகக் கலந்த பாடல் ஒரு குழந்தைகள் தொடரின் குழுவிடமிருந்து வந்தது என்பதற்காகவே அது அன்று கவனிக்கப்படாமல் போனது என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாதையில் தனியாக நடந்தபோதும் நெஸ்மித்துக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு உடனே கிடைக்கவில்லை.

இந்த ஆல்பத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று காட்ட எனக்கு ஒரே ஒரு பாடல் போதும்: நெஸ்மித் எழுதிய ‘யூ ஜஸ்ட் மே பி த ஒன்’. இதற்கு இரண்டு பதிவுகள் உண்டு. 1966இல் ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துப் பதிவு செய்த முதல் வடிவம் தொடரில் ஒலித்தது. பின்னர் 1990இல் வந்த ‘மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ இரண்டாம் தொகுதியில் அது கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் பிழை என்று விரல் வைக்க எதுவும் இல்லை. இரண்டாவதில் நெஸ்மித் பன்னிரண்டு தந்திக் கிட்டாரிலும், டோர்க் பேஸிலும், டோலன்ஸ் டிரம்ஸிலும், ஜோன்ஸ் டாம்பூரினிலும் இருக்கிறார்கள். வெளியாள் ஒருவரும் இல்லை. டோர்க்கின் பேஸ் பாட்டுக்கு அடியில் அடங்கிக் கிடக்காமல், அதற்குப் பதில் பேசிக்கொண்டே நடக்கிறது. அடியின் முடிவில் தாளக் கணக்கு ஒரு கணம் மாறும் இடத்தில் நால்வரும் சேர்ந்து தாண்டி மறுபடி சேர்ந்து இறங்குகிறார்கள். பிறர் எழுதிக்கொடுத்ததைப் பிழையின்றி வாசிப்பவர்களிடம் அந்த இறக்கம் சுத்தமாக இருக்கும். இவர்களிடம் அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. இரண்டு நிமிடப் பாடல்தான். இந்தக் குழு அசலா என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ வேறொரு வகையில் முக்கியமானது. இது பேரி மான், சிந்தியா வெயில் தம்பதி எழுதியது, அதாவது பழைய கிர்ஷ்னர் பட்டறையின் பாட்டு. வெளியார் எழுதிய பாட்டு என்பதற்காக இவர்கள் அதை ஒதுக்கவில்லை. டோர்க்கின் பியானோ தொடங்கி வைக்க, ஜோன்ஸும் டோர்க்கும் மாறி மாறிப் பாடுகிறார்கள். செல்லோவுக்கும் பிரெஞ்சு ஹார்னுக்கும் வெளிக்கலைஞர்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் வாசித்த வரிசைகளை நெஸ்மித் வாயால் முனகிக் காட்ட, டோர்க் ஸ்வரக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். பின்னட்டைக் குறிப்பின் பொருள் இதுதான். எழுதியவர் யார், வில்லைப் பிடித்தவர் யார் என்பதைவிட, எது எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் அதற்கான பொறுப்பும் யாரிடம் இருந்தன என்பதே ஒரு குழுவை அதன் இசைக்கு உரிமையாளர் ஆக்குகிறது. இந்த 14 தடங்களில் மூன்று, பாய்ஸ், ஹார்ட் என்ற பாடலாசிரியர் ஜோடியின் பாடல்கள். அவற்றால் ஆல்பத்தின் நேர்மை கெட்டுவிடவில்லை.

கடைசிப் பாடலான ‘ரேண்டி ஸ்கவுஸ் கிட்’ டோலன்ஸ் எழுதியது, அவரே டிம்பனி முழக்கியது. லண்டனில் பார்த்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் மாமனார் மருமகனைத் திட்டும் சொற்களைப் பொருள் அறியாமல் தலைப்பாக வைத்துவிட்டார். அது இங்கிலாந்தில் அச்சிட முடியாத வசை என்பதால், அங்கே ‘ஆல்டர்நேட் டைட்டில்’ என்ற பெயரிலேயே வெளியாகி இரண்டாம் இடம் வரை போனது. பழைய கேளிக்கை அரங்குப் பாணியில் மெல்லத் தொடங்கும் சரணமும், டிம்பனி இடியோடு வெடிக்கும் கூச்சலும் மாறி மாறி வந்து, இறுதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. எந்தப் பாட்டுப் பட்டறையும் இப்படி ஒன்றைத் தயாரித்துத் தந்திருக்காது.

எல்லாம் சமமான தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஐ கான்ட் கெட் ஹெர் ஆஃப் மை மைண்ட்’ ஜோன்ஸின் மேடைப் பழக்கத்துக்குத் தீனி போடுவதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. ‘பேண்ட் 6’ என்பது நாற்பது வினாடி வாத்தியப் பயிற்சித் துணுக்கு. நான்கு பேரும் தொடர்பில்லாத நான்கு சொற்றொடர்களை ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கி ஒன்றாக உச்சரிக்கும் ‘ஸில்ச்’ முதல் முறை ஆர்வமூட்டும், பிறகு கடந்துபோகத் தோன்றும். டோலன்ஸின் டிரம்ஸ் பல இடங்களில் தடுமாறுகிறது. நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டித்தான் சில பாடல்களை முடிக்க வேண்டியிருந்தது. ஆயினும் டோர்க்கும் நண்பர் ஒருவரும் எழுதிய ‘ஃபார் பீட்ஸ் சேக்’ பாடலில் டோலன்ஸின் குரல் ஏறும் உயரத்தைக் கேட்கும்போது அந்தத் தடுமாற்றம் மறந்துபோகிறது. தொடரின் இரண்டாம் ஆண்டில் நிறைவுப் பாடலாக அதுவே அமைந்தது பொருத்தமானது.

விற்பனையில் நடந்ததும் சொல்லத்தக்கது. ஆல்பம் அமெரிக்காவில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது; உடனே பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ வந்து அந்த இடத்தைப் பிடிக்க, அடுத்த 11 வாரங்கள் இரண்டாம் இடத்திலேயே நின்றது. அமெரிக்காவில் இதிலிருந்து ஓர் ஒற்றைப் பாடல்கூட வெளியிடப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த அடுத்த ஆல்பத்தில் டிரம்ஸுக்கு எட்டி ஹோ என்ற வெளிக்கலைஞர் வந்துவிட்டார். ஒரே அறையில் நால்வரும் உட்கார்ந்து வாசிக்கும் உறுதி தளர்ந்தது. 1968 முடிவில் டோர்க் விலகினார். கிர்ஷ்னர் கற்றுக்கொண்ட பாடம் வேறு: அடுத்து அவர் பொறுப்பேற்ற குழு ஆர்ச்சீஸ், சித்திரப்படக் கதாபாத்திரங்கள். 1969இல் அவர்கள் பெயரில் வந்த ‘ஷுகர், ஷுகர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. முழுக்க முழுக்கச் செய்து விற்ற குழு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் அங்கே போய்க் கேட்கலாம். அந்தப் பாட்டும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் கிட்டாரோடு வந்து கதவைத் தட்ட ஒரு டோர்க் கிடையாது.

இனி பதிப்பு. இணைப்பு நூலில் பதிவு விவரங்கள் இருக்கின்றன; எழுத்து பொடியாக இருப்பதால் வயதானவர்களுக்குக் கண்ணாடி வேண்டும். கூடுதல் பாடல்களில் தவறவிடக் கூடாதது ‘ஆல் ஆஃப் யுவர் டாய்ஸ்’. நால்வரும் தாங்களே வாசித்து முதலில் முடித்தவற்றில் அது ஒன்று. அப்படி வாசித்தவற்றில் முதல் ஒற்றைப் பாடலாக வர வேண்டியது. பாட்டின் பதிப்புரிமை தங்கள் நிறுவனத்திடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இசையைக் குழு தீர்மானித்த பிறகும் கணக்குப் புத்தகத்தை யார் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த அழகான பாடல் சாட்சி. முயன்று பார்த்துக் கைவிட்ட துணுக்குகள் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆல்பம் மட்டும் போதும் என்பவர்கள் சாதாரண ஒற்றைத் தகட்டுப் பதிப்பை வாங்கினால் நட்டம் ஒன்றும் இல்லை.

இரண்டு வடிவங்களில் நான் மோனோவின் பக்கம். ஸ்டீரியோவில் வாத்தியங்கள் இடம் வலமாகப் பிரிந்து நிற்பதால் யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்துக் கேட்க முடிகிறது. டோர்க்கின் பேஸைப் பின்தொடர அது உதவும். மோனோவில் நால்வரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். குறிப்பாக ‘நோ டைம்’ பாடலை மோனோவில் கேட்க வேண்டும். நால்வரும் சேர்ந்து உருவாக்கிவிட்டு, தங்களோடு இரவு பகல் பாராமல் உழைத்த ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹாங்க் சிகாலோவுக்கு அன்பளிப்பாக அவர் பெயரில் பதிவு செய்த பாட்டு அது. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு டிரம்ஸைக் கவனியுங்கள். டோலன்ஸின் காலப்பிரமாணம் ஓடத் தொடங்குகிறது. மற்ற மூவரும் அவரைப் பிடித்து நிறுத்தாமல் கூடவே ஓடுகிறார்கள்.